காவல் புரதத்துக்கு வந்த உத்தரவு

ஒரு நுரையீரலில் ஒரு மரபணு இருந்தது. அது "அடக்கு" என்று சொன்னால் ஒரு காவல் புரதம் பிறக்கும். கண்டபடி இரண்டாகப் பிரியும் செல்களை அந்தப் புரதம் பிடித்து அடக்கிவிடும்.

ஒருநாள் உள்ளே வந்த சிகரெட் புகையில் மரபணுவுக்கு ஓர் எழுத்து பிசகியது. "அடுக்கு" என்று சொல்லிவிட்டது.

அன்று பிறந்த காவல் புரதம், பிரிந்துகொண்டிருந்த ஒரு செல்லைப் பார்த்ததும், "வாங்க, வாங்க!" என்று பிரிந்து வந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அவை மேலும் பிரிந்தன. அவற்றையும் அடுக்கியது.

பக்கத்துச் செல்லுக்கு மூச்சு முட்டியது. "காவல்காரரே, இவங்களை நிறுத்துங்க!"

"அப்படி எனக்கு உத்தரவு இல்லீங்களே. வரிசை கோணலா இருந்தா சொல்லுங்க, சரி பண்றேன்."

பக்கத்துச் செல் மரபணுவிடம் ஓடி முறையிட்டது.

"ஒரே ஒரு எழுத்துதானே மாறிச்சு? மத்ததெல்லாம் சரியாத்தானே சொல்றேன்!" என்று மரபணு கோபித்துக்கொண்டது.

செல் திரும்பி வந்தபோது அதன் இடத்தில் யார்யாரோ உட்கார்ந்திருந்தார்கள். காவல் புரதம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னது:

"மன்னிச்சுக்குங்க, இங்கே நிரம்பிடுச்சு. கல்லீரல்ல இடம் பார்த்துட்டு வர ஆள் அனுப்பியிருக்கேன்."