பெரியவள் நடித்த படங்கள்

"அந்தப் படத்தைப் பெரியவ ஒத்துக்கிட்டிருக்கவே கூடாது," என்றாள் அம்மா. "ஹீரோவுக்கு அம்மாவா நடிக்கிற வயசா அவளுக்கு?"

"வித்தியாசமான வேஷம்டி. அவார்டு வாங்கித் தரும்," என்றார் அப்பா, கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவார்டு என்ன சோறா போடும்? நாளைக்கே எவனாவது அண்ணி வேஷத்துக்குக் கூப்பிடுவான், பாருங்க."

"கூப்பிட்டுடுவானா? இவ வந்தப்புறம்தான் ஹீரோயினை அண்ணியாக்குற வழக்கமே ஒழிஞ்சு போச்சே!"

சினிமா போஸ்டர் டிசைன் பண்ணுவது அப்பாவின் பிழைப்பு. ஆனால் வீட்டுச் சுவர் முழுக்கப் பெரியவள்தான். போலீஸாக, வக்கீலாக, விமானம் ஓட்டுபவளாக. எல்லாப் போஸ்டரிலும் ஹீரோ பெயருக்கு மேலே, அவனுடையதைவிடப் பெரிய எழுத்தில் அவள் பெயர்.

சின்னவள் செருப்பைக் கழற்றக்கூட மறந்து வாசலில் நின்றாள். டிவி சீரியல்களில் தோழிகளில் ஒருத்தியாக, கூட்டத்தில் ஒருத்தியாக நின்று நின்று கால் கடுத்தவள். இன்றைக்குத்தான் அவளுக்கு நல்ல சேதி கிடைத்திருந்தது. அதைச் சொல்ல முடியாமல் இவர்கள் சண்டை முடியக் காத்திருந்தாள்.

சண்டை எங்கே முடியப்போகிறது? பெரியவள் ஒன்பது வயதோடு நின்றுபோனவள். விளம்பரத்திலும் சீரியலிலும் சக்கைப்போடு போட்ட குட்டி நட்சத்திரம். ஒருநாள் படப்பிடிப்புக்குப் போன வேன் கவிழ்ந்தது, அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் அந்த ஒருநாளை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கணக்கில் அன்றைக்கு அடைமழை, படப்பிடிப்பு ரத்து. வேன் கிளம்பவே இல்லை. அங்கிருந்து சினிமாவின் சரித்திரமே வேறு பக்கம் திரும்பிவிட்டது.

பெரியவள் வளர்ந்தாள், கதாநாயகி ஆனாள். சும்மா சும்மா அழ மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால், சீரியல் மருமகள்கள் மொத்தப் பேரும் அழுகையை நிறுத்தினார்கள். கிளிசரின் வாங்க ஆளில்லை. கொடுமைக்கார மாமியார்கள் வேலையில்லாமல் திண்டாடினார்கள். பெரிய பெரிய ஹீரோக்கள் அவளுடைய கால்ஷீட்டுக்காகத் தவம் கிடந்தார்கள்.

சின்னவள் அக்காவைப் பார்த்ததே இல்லை. எல்லாம் முடிந்து அடுத்த வருஷம், அம்மாவுக்கு நாற்பது தாண்டியபின் பிறந்தவள் அவள். ஆனாலும் அக்கா நடிக்காத அத்தனை படங்களும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வீட்டில் வேறு பேச்சு இருந்தால்தானே!

"அம்மா, எனக்கு ஹீரோயின் வேஷம் கிடைச்சிருக்கு," என்று போட்டு உடைத்தாள். "டாக்ஸி ஓட்டுற பொண்ணு. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வரும்."

அம்மாவின் முகம் பூரித்துப்போனது. அதைப் பார்த்ததும் சின்னவள் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். இந்த முகத்துக்காகத்தானே இத்தனை நாள் நாயாய் அலைந்தாள்?

"ஏங்க, டாக்ஸி டிரைவராம்!" என்று திரும்பினாள் அம்மா. "நம்ம பெரியவ இன்னும் அதைப் பண்ணலைல்ல?"

"அட ஆமா! காக்கிச் சட்டை அவளுக்கு எடுப்பா இருக்குமே!" அப்பா நாற்காலியைத் திருப்பினார். "ஏம்மா, இப்படி வெளிச்சத்துல வந்து உக்காரு."

சின்னவள் போய் உட்கார்ந்தாள். ஒன்பது வயதுக்கு மேல் அக்காவுக்கு முகம் ஏது? கன்னம், தாடை, கழுத்து எல்லாம் தங்கையிடம் எடுத்ததுதான். கண்ணும் சிரிப்பும் மட்டும் பழைய போட்டோவிலிருந்து. அப்பா தன் முகத்தை உற்றுப் பார்ப்பது இந்த நேரத்தில் மட்டும்தான் என்பதால், ஒருநாளும் அவள் மாட்டேன் என்றதில்லை.

சற்று நேரத்தில் திரையில் பெரியவள் வந்தாள். டாக்ஸிக் கதவில் கைவைத்து, காக்கிச் சட்டையில் சிரித்தாள்.

"என் கண்ணே பட்டுடும்போல இருக்கு," என்று அழுதாள் அம்மா.

போனது. கைக்கு வந்த வேஷமும் அக்காவுக்கே போனது. வழக்கம்போல விழுங்கிக்கொண்டு எழுந்து போயிருப்பாள், இன்றைக்கு முடியவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? அக்கா இவ்ளோ படம் பண்றாளே, அப்போ நான் என்ன பண்றேன்?"

"எங்கே?"

"உங்க கதையிலதான். எனக்கும் ஒரு சின்ன வேஷம் குடுங்களேன். அக்காவுக்கு மேக்கப் போடுறவளா, டயலாக் சொல்லிக் குடுக்கிறவளா... வெயில்ல அவளுக்குக் குடை பிடிக்கிறவளா இருந்தாக்கூடப் போதும்ப்பா. ஒரு போஸ்டர்ல, ஓரமா."

அப்பா திரைப்பக்கம் திரும்பி, காக்கிச் சட்டையின் காலரைச் சரிசெய்தார்.

அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். சின்னவளின் தலையைக் கோதிவிட்டாள். கோபமே இல்லை அவளிடம். இதுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்கிற பரிவுதான் இருந்தது.

"அவ இருந்திருந்தா, உன்னைப் பெத்திருக்கவே மாட்டோமேடி."