நிசேயாவுக்கு முன்னால்

“வாயைத் திறந்து பதில் சொல்லுய்யா! சொல்ல முடியலைன்னா தோத்துட்டேன்னு ஒத்துக்க!”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அச்சகக்காரர் போட்ட சத்தம் சமையலறை வரை கேட்டது. வாத்தியாரின் மனைவி சூப் கிண்ணத்தை மேடைமேல் டொக்கென்று வைத்தாள். பக்கவாதத்தில் பேச்சே போய்ப் படுத்திருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

முப்பது வருஷமாக நடக்கிற வழக்கு. அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர், முஸ்லிம். அச்சகக்காரர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற கிறிஸ்தவர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை ஆதிக் கிறிஸ்தவர்கள் நம்பினார்களா, இல்லை அது பின்னால் வந்து சேர்ந்ததா என்று வாரம் ஒருநாள் இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். யாரும் யாரையும் மாற்றியதில்லை. டீத்தூள் தீர்ந்ததுதான் மிச்சம்.

இப்போது நாலு மாதமாக ஒரு கட்சி மட்டும்தான் பேசுகிறது.

“முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள ஒரு வார்த்தை வந்துட்டா மத்ததும் வரும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சுப் பயிற்சிக்காரி கொடுத்துவிட்டுப் போன பட அட்டைகளை அவளும் நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டாள். கரண்டி, குடை, பூனை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவரிடம் பூனையைக் காட்டினால் வேறென்ன செய்வார்?

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல், அந்த அட்டைகள்மேல், எல்லாவற்றையும்விட இந்த அச்சகக்காரர்மேல். வாரம் ஒருநாள் வந்தவர் இப்போது தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டாண் என்று வந்துவிடுகிறார். எதிராளி இல்லாத மைதானத்தில் கோல் போடுகிற சந்தோஷம் போலிருக்கிறது.

“பிஷப்மாரெல்லாம் கூடின நிசேயா சங்கம் எந்த வருஷம்? நானூத்தி இருபத்தஞ்சு. சரிதானே?”

சொல்லிவிட்டு வாத்தியாரின் உதட்டையே உற்றுப் பார்த்தார்.

முன்னூற்று இருபத்தைந்து என்று அவளுக்கே தெரியும். டீ கொடுத்துக்கொண்டே இத்தனை வருஷம் கேட்டவளாயிற்றே! வயசாகி இவருக்கும் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நேற்றுகூட, கார்த்தேஜில் உட்கார்ந்து எழுதிய பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனை ரோமாபுரிக்கு அனுப்பிப் போப்பாண்டவராக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

“என்னய்யா முழிக்கிற? பெரிய வரலாற்றுப் புலின்னு பேரு! ஒரு வருஷத்தைச் சொல்லத் துப்பில்ல!”

வாத்தியாரின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, போதும். எந்திரிங்க.”

“இரும்மா தங்கச்சி, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்டு…”

“ஒரு பாயிண்ட்டும் வேணாம்! பேச முடியாதவர்கிட்ட ஜெயிச்சு என்ன செய்யப் போறீங்க? கப்பா குடுக்கப் போறாங்க? நாளையிலருந்து இந்த வீட்டுப் படி ஏறாதீங்க.”

அவர் முகம் சுருங்கிப்போனது. எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார். இவ்வளவு காலப் பழக்கத்தை ஒரே வெட்டாக வெட்டிவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் திறந்து பிடித்த கதவை அவள் விடவில்லை.

வாசலில் நின்று அவர் திரும்பினார்.

“சரிய்யா, நீயே ஜெயிச்சுக்க. நான் தோத்துட்டேன். நிசேயாவுக்கு முன்னாடி திரித்துவம்ங்கிற வார்த்தையை எந்தக் கிறிஸ்தவனும் எழுதவே இல்ல. ஒருத்தன்கூட இல்ல. போதுமா?”

அவள் திடுக்கிட்டாள். கழுத்தில் கத்தியை வைத்தாலும் அந்த மனிதர் வாயிலிருந்து வராத பேச்சு அது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் தலையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“த… த… தப்பு.”

அவள் கை கதவிலிருந்து நழுவியது.

“நூத்தி… எண்பது. தெ… தெயோப்பிலு.”

அது யாருடைய ஆதாரம் என்பதும் அவளுக்குத் தெரியும். நூற்று எண்பதிலேயே அந்தியோக்கியா பிஷப் தெயோப்பிலு அந்த வார்த்தையை எழுதிவிட்டார் என்று அச்சகக்காரர்தான் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். ‘வார்த்தை இருந்துச்சுய்யா, அர்த்தம் வேற’ என்று இவர் மடக்குவார். இன்றைக்கு எதிர்க்கட்சியின் ஆதாரத்தை இவரே எடுத்துக் கொடுக்கிறார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“அண்ணே, உங்க ஆதாரமே உங்களுக்கு மறந்துபோச்சா?”

அச்சகக்காரர் வாசற்படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்குமேல தப்பாச் சொல்ல என்கிட்ட சரக்கே இல்ல தங்கச்சி.”