கூட்டுக் கணக்கு

“முதல்ல இந்த பேங்க்கை மாத்தணும். ஒரு முகவரி மாத்த ஒரு வருஷமா?” என்று திட்டிக்கொண்டே என் கணவர் வேலைக்குக் கிளம்பினார்.

அவருக்குப் பிறகு அதே பாட்டை மகள் பாட ஆரம்பித்தாள். ஒருநாள் வேறொரு வங்கிக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். நான் உட்கார முடியாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

“அம்மா, அந்த பழைய பேங்க்ல நாம சொன்ன வேலை எதையாவது செஞ்சிருக்காங்களா?”

“இல்லடி.”

“அப்புறம் ஏன் அவங்களையே கட்டிக்கிட்டு அழறே? கையெழுத்துப் போடு.”

கைப்பேசி அடித்தது. பழைய வங்கிதான். ஓடிப்போய் எடுத்தேன்.

“மேடம், சார் இருக்காருங்களா? புது கார்டு பத்திப் பேசணும்.”

“குளிச்சிட்டு இருக்கார்ப்பா. சாயங்காலம் கூப்பிடுங்க.”

மகள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அவள் அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது.

“அம்மா… நீ பேங்க்ல சொல்லவே இல்லையா?”

“அப்பவே சொல்லிட்டேன்டி. மத்த எல்லா இடத்துலயும் மறுநாளே அவர் பேரை எடுத்துட்டாங்க. இவங்கதான் இன்னும் எடுக்கல.”

புது வங்கிக்காரர் சத்தமில்லாமல் பேனாவை மூடி வைத்தார்.

சாயங்காலம் முழுக்கக் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர்கள் கூப்பிடவில்லை. அந்த வங்கி எப்போதும் அப்படித்தான்.