விதைப்பு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர்

அமெரிக்க நகரமான ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே, மார்ச் மாதத்துக் காலை வெயில் அந்தக் கரிசல் வயலின்மேல் சாய்வாக விழுகிறது. முந்தாநாள் பெய்த மழைக்குப் பிறகு மேல்மண் சாம்பல் நிறத்தில் உலர்ந்து, பார்வைக்கு உழவுக்குத் தயாராகத்தான் இருக்கிறது. ஜெபினா குத்துக்காலிட்டு விரல் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துகிறாள். உதிர வேண்டிய மண் களிமண் உருண்டையாகத் திரள்கிறது.

"ஏங்க, இன்னும் பதத்துக்கு வரலை. இப்ப உழுதா செங்கல்லா இறுகிடும். போன வருஷம் மக்காச்சோளம் முளைக்காம போனது போதாதா?"

வாடகை டிராக்டரின் மேல் உட்கார்ந்திருக்கும் கணவன் சைலஸ் அவளைப் பார்க்கவில்லை. "சர்ச்சுல எல்லாரையும் விதைப்பு ஜெபத்துக்கு இன்வைட் பண்ணியாச்சு, ஜெபி."

"எல்லாரையும் கேட்டீங்க, மண்ணைக் கேட்டீங்களா?"

அவன் சாவியைத் திருப்புகிறான். எஞ்சின் உறுமலில் வேலிக் கம்பியிலிருந்த குருவிகள் எழும்பிப் பறக்கின்றன. அதே நேரம் முதல் கார் வந்து நிற்கிறது. பாஸ்டர் இறங்கி, பைபிளும் கையுமாக நேரே டிராக்டரை நோக்கி வயலில் நடக்கிறார். நாலாவது எட்டில் கால் மட்டும் முன்னால் வருகிறது; ஷூ மண்ணோடு நின்றுவிடுகிறது.

"தம்பி, கொஞ்சம் பிடிங்க!" வெள்ளை சாக்ஸ் காற்றில் ஆடுகிறது.

சைலஸ் எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து ஓடுகிறான். இழுத்த இழுப்பில் வெளியே வந்த ஷூவின் அடியில் கரிய மண் ஒரு செங்கல் கனத்துக்கு ஒட்டியிருக்கிறது. அதை அவன் கொஞ்ச நேரம் பார்க்கிறான்.

"பாஸ்டர், அடுத்த சனிக்கிழமை வர முடியுமா?"

ஜெபினா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஜெபத்துக்கு வருபவர்களுக்காகக் கொண்டுவந்த இட்லி ஹாட்பாக்ஸின் மூடியைத் திறக்கிறாள்.