ஏதென்ஸில் ஒரு பகல்

"இதுவா கோயில்? கூரையே இல்லையே! என் ஆட்டுக் கொட்டிலுக்குக்கூடக் கூரை இருக்கு" என்றார் லாம்ப்ரோஸ்.

பாறை உச்சியில் பழங்காலக் கோயிலின் தூண்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. மகள் ஃபோதினி சிரித்தபடி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவாப் பேசுங்கப்பா. வாங்க வாங்க, இன்னும் எவ்வளவோ பாக்கணும்."

அப்பாவுக்காக அன்று காலைதான் லீவு சொல்லியிருந்தாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த மனுஷன், சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறார். ஆடுகளை ஒரே நாளைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரனிடம் விட்டிருக்கிறார். அவனையும் அவர் நம்பவில்லை.

"நான் ஊரைப் பாக்கவா வந்தேன்? உங்கம்மாவைப் பாக்க வந்தேன். முதல்ல கல்லறைக்குப் போலாம்."

"கல்லறை எங்கேயும் ஓடிடாதுப்பா. வராதவர் வந்திருக்கீங்க, நாலு இடத்தைக் கண்ணாலயாவது பாத்துட்டுப் போங்க."

நாலு வருஷத்துக்கு முன்னால் வைத்தியத்துக்காக மகள் வீட்டுக்கு வந்த அவர் மனைவி ஹைதோ, இங்கேயே கண்ணை மூடிவிட்டாள். மலைப்பாதையைப் பனி மூடியதில் லாம்ப்ரோஸால் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. அதற்கப்புறம் அவர் கிளம்புகிறேன் என்றபோதெல்லாம் மகளுக்கு ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்தது. இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்.

பார்லிமென்ட் வாசலில் பழைய காலத்துப் பாவாடை கட்டின காவல் சிப்பாய்கள் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைக் காட்டினாள். "எங்க தாத்தா இதே பாவாடையோட ஆடு மேய்ச்சாரு. அவரைப் பாக்க ஒரு நாய் வரல" என்றார். தானாக ஓடுகிற படிக்கட்டில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தார். மிட்டாய்க் கடையில் பாகு சொட்டும் பால் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். பாதியைத் தின்றுவிட்டு, "கடைக்காரன் நிறுவையில ஏமாத்திட்டான்" என்றார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் கல்லறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். மடியில் துணி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லாம்ப்ரோஸ் மெல்லப் பேச்செடுத்தார்.

"நம்ம ஊர் கொல்லன் தம்பியை இங்கதானே புதைச்சாங்க? மூணு வருஷம் முடிஞ்சதும், அடுத்த பொணத்துக்கு இடம் வேணும்னு தோண்டிட்டானுங்களாம். எலும்பை வாங்கிக்க வீட்டு ஆள் யாரும் வரலன்னு பொதுக்குழியில கொட்டிட்டானுங்களாம். படுபாவிங்க!"

"அது கேக்க ஆள் இல்லாதவங்களுக்குப்பா. அம்மாவுக்குத்தான் நான் இருக்கேனே?" ஃபோதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அந்தப் பக்கம் மண்ணுல ஈரம் ஜாஸ்தி. உடம்பு மக்க இன்னும் ரெண்டு வருஷம் போகணும், அப்புறம்தான் தோண்டுவோம்னாங்க."

மண்ணைப் பற்றிய பேச்சு அவருக்குப் புரிந்தது. "தோண்டும்போது எனக்குச் சொல்லிடணும். என் கையால எலும்பை ஒயின்ல கழுவி, அவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். என் பக்கத்துல இடம் வெச்சிருக்கேன்."

"சரிப்பா."

கல்லறைத் தோட்டத்தில் ஃபோதினி ஒரு வரிசையில் பாதி தூரம் நடந்தாள், திரும்பினாள், அடுத்த வரிசைக்குள் போனாள். கடைசியில் ஒரு வெள்ளைக் கல் முன்னால் நின்றாள். "இதுதாம்பா."

லாம்ப்ரோஸுக்கு எழுத்து தெரியாது. மகள் கல்லின் மேல் விரலை ஓட்டிப் படித்துக் காட்டினாள். "ஹைதோ. லாம்ப்ரோஸ் சம்சாரம்."

"எல்லாக் கல்லுலயும் படம் இருக்கு. இவ படம் எங்க?"

"காத்துல விழுந்து உடைஞ்சிடுச்சுப்பா. புதுசுக்குச் சொல்லியிருக்கேன்."

லாம்ப்ரோஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கல்லைச் சுற்றி வந்தார். ஓர் இலைச் சருகு இல்லை. தொட்டியில் துளசி தளதளவென்று நின்றது. கண்ணாடிக் கூண்டுக்குள் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் முகம் இளகிவிட்டது.

"உன்னை என்னென்னவோ நெனச்சுட்டேன்டி. பட்டணத்துக்காரி, பெத்தவளைத் தூக்கிப் போட்டுட்டு அவ சோலியைப் பாத்துட்டுத் திரிவான்னு நெனச்சேன். நீ விளக்கு அணையாம பாத்துக்கிட்டிருக்கே. என்னை மன்னிச்சுடு."

ஃபோதினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

லாம்ப்ரோஸ் மண்டியிட்டுக் கல்லில் நெற்றியை வைத்தார். மேற்குச் சுவர் சரிந்ததை, மூத்த ஆடு ரெட்டைக் குட்டி போட்டதை, ராத்திரியில் வீடு எப்படிக் கிடக்கிறது என்பதையெல்லாம் ஹைதோவிடம் சொன்னார். நாலு வருஷமாக அழாத அழுகையை அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை. செத்தவர் பேரால் எதிரில் வருகிறவர்களுக்கு அதில் ஒரு பிடி கொடுக்க வேண்டும்.

வரிசையின் கோடியிலிருந்து ஒரு கறுப்பு உடுப்புக்காரி வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்கப்பா" என்றாள் ஃபோதினி அவசரமாக. "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இருடி. ஒரு மனுஷி வராங்க, ஒரு வாய் குடுக்காம போறதா?" லாம்ப்ரோஸ் கோதுமையை அள்ளி நீட்டினார். "வாங்கிக்கம்மா. என் பொண்டாட்டி ஹைதோ பேரால."

"கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்" என்று சிலுவை போட்டுக்கொண்டாள் அவள். நின்றபடியே மென்று விழுங்கினாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"கொஞ்சம் நகர்ந்துக்குங்க பெரியவரே, என் வீட்டுக்காரர் கல்லைக் கழுவணும்."