தனுஷ்கோடியின் முதல் கார்

தனுஷ்கோடி வீட்டுக்குப் பின்னால் நின்ற பழைய காரின் நான்கு டயரிலும் காற்றில்லை. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் விருந்தாளிகளிடம் தனுஷ்கோடி பேசுவது வெளியே கேட்டது. "அதுக்கப்புறம் எத்தனையோ கார் வாங்கிட்டேன். அது மாதிரி வராது. கொட்டுற மழையில என் மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்."

"உன்னைத்தான் புகழுறாரு," என்றது கோழி.

"ஒன்பது வருஷமாப் புகழுறான். ஒரு தார்ப்பாய் போட்டு மூடினானா? மழைத்தண்ணி என் வயித்துக்குள்ள நிக்குது," என்று சீறியது கார்.

அப்போது விருந்தாளிகளோடு அவரே வந்தார். உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுக்கக் கதவைத் திறந்தார். இத்தனை நாள் இழுத்துப் பிடித்திருந்த துருவேறிய கீலைக் கார் விட்டுவிட்டது. கதவு அவர் காலில் விழுந்தது.

வலியில் முகம் சுளித்தாலும் தனுஷ்கோடி சிரித்தார். "பார்த்தீங்களா, என்னைப் போகவிட அதுக்கு மனசே இல்லை." சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

"விடு, இன்னும் மூணு கதவு இருக்கே," என்றது கோழி.

"அதுக்கு அவன் இன்னொரு தடவை வரணுமே," என்றது கார்.