ரெண்டடி பின்னால் போன ஹீரோ

“இந்த வசனத்தை நான் பேச மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோ!”

வசனத் தாளை மேஜை மேல் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் ஸ்லோமோ. கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனாலும் எங்கேயோ கேமரா ஓடுகிற நினைப்பில் மெதுவாக நடப்பதால் கல்லூரியில் அவனுக்கு அந்தப் பெயர். கடைசி வருடக் குறும்படத்தில் அவன்தான் ஹீரோ.

டைரக்டரும் அதே வகுப்புதான். பார்க்க ஒல்லியான பெண். பிடிவாதம் மட்டும் ரெண்டு ஆளுக்கு இருக்கும்.

“அதுல என்ன குறையைக் கண்டே?” என்றாள்.

“குறையா? ஹீரோயின் மேல மோதுறேன், புக்கெல்லாம் விழுது, பொறுக்கித் தர்றேன். சரி. மழையில பஸ் பின்னால ஓடுறேன். அதுவும் சரி. பஸ் நிக்குது, அவ இறங்கி வர்றா. அந்த இடத்துல விசில் பறக்கும். வந்து என்ன சொல்றா? ‘எனக்கு அப்படி எதுவும் தோணலை’ங்கிறா! அதுக்கு நான், ‘சரி, சொன்னதுக்குத் தேங்க்ஸ். பஸ் போயிடப் போகுது, ஏறிக்கோ. நாளைக்கு எப்பவும் போலப் பேசு, போதும்’னு வழியனுப்பி வைக்கணுமாம். எந்தப் பையன் இப்படிப் பேசுவான்? ஹாஸ்டல்ல என்னை ஓட்டியே கொன்னுடுவானுங்க!”

“விசிலடிக்கிறவங்க வாயை அடைக்கத்தான் மோதல், மழை, பஸ்னு அத்தனையும் வெச்சிருக்கேன்.”

“எனக்கும் அந்த சீன் வேண்டாம்னுதான் தோணுது,” என்று மூலையில் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. படத்தின் எடிட்டர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாததால் எல்லோருக்கும் அவன் ‘மியூட்’.

ஸ்லோமோவுக்கு யானை பலம் வந்த மாதிரி இருந்தது.

டைரக்டர் திரும்பி எடிட்டரை மட்டும் பார்த்தாள். “நிஜமாவே வேண்டாமா? நீ சொல்லு, இப்பவே தூக்கிடறேன்.”

மியூட் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

எனக்காக இன்னும் ஒரு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துடுமா என்று ஸ்லோமோ பல்லைக் கடித்தான். வேறு வழியில்லை. படம் நின்றால் அவன் மார்க்கும் போய்விடும்.

மறுநாள் கல்லூரி வாசல் பஸ் ஸ்டாப்பில் படப்பிடிப்பு. தோட்டத்து ஹோஸ் பைப்பை மரக்கிளையில் கட்டி மழை வரவழைத்தார்கள். கல்லூரி பஸ் ரெண்டே மணி நேரத்துக்குத்தான் கிடைத்திருந்தது. டிரைவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் டேக்கில் ஸ்லோமோ கண் கலங்கினான்.

“கட்!”

அடுத்ததில் ‘போடி, போ’ என்கிற மாதிரி சிரித்தான். அதற்கும் அடுத்ததில் தலைமுடியைக் கோதிக்கொண்டு வானத்தைப் பார்த்தான். ஒன்பதாவது டேக்கில் ஹீரோயின் தும்மவே ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னும் ஒரே ஒரு தரம்தாம்மா. அப்புறம் வண்டியை எடுத்துடுவேன்,” என்றார் டிரைவர்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது, மைக் பிடித்துக்கொண்டிருந்த மியூட் அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்லோமோவிடம் வந்தான்.

“அழாத. சிரிக்கவும் செய்யாத. அவ ‘இல்லை’ன்னு சொல்லிட்டு, நீ என்ன பண்ணுவியோன்னு பயந்து நிக்கிறா. முதல்ல அந்தப் பயம் போகணும். ரெண்டடி பின்னால போ. அப்புறம் பேசு.”

இவனுக்கு இவ்வளவு பேச வருமா என்று ஸ்லோமோ வாயைப் பிளந்தான். ஆனால் யோசிக்க நேரமில்லை. ரெண்டடி பின்னால் போனான். எதிரே ஹீரோயினின் இறுகிய தோள் தன்னால் தளர்ந்ததைப் பார்த்தான். அதைப் பார்த்ததும் அவனுக்கு நடிக்கவே தோன்றவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டான்.

“ஓகே!” என்று எழுந்தே நின்றுவிட்டாள் டைரக்டர்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நாற்பது படங்கள். இவர்களுடையது கடைசிக்கு முந்தினது. புத்தகம் விழுந்தபோதே அரங்கில் விசில். பஸ் நின்றபோது கூரை அதிர்ந்தது.

‘எனக்கு அப்படி எதுவும் தோணலை.’

அரங்கம் கப்சிப். பின்வரிசை முழுக்க ஹாஸ்டல் கும்பல். ஸ்லோமோ நாற்காலியில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டான். தொலைந்தோம் என்றே நினைத்தான்.

திரையில் அவன் ரெண்டடி பின்னால் போய்ப் பேசி முடித்ததும் எங்கேயோ ஒரு பெண் கை தட்டினாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு அந்த வரிசை, அதற்குப் பிறகு அரங்கமே எழுந்து நின்று தட்டியது. எல்லோரையும் விடப் பலமாக விசிலடித்தது ஹாஸ்டல் கும்பல்தான். ஸ்லோமோ பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

முதல் பரிசு! மொத்தக் குழுவும் மேடைக்கு ஓடியது. கோப்பையை டைரக்டர் கையில் கொடுத்துவிட்டு, தாடிக்கார நடுவர் மைக்கைப் பிடித்தார்.

“நூத்துக்கு நூறு போட்டிருப்பேன். ஒரு மார்க் குறைச்சுட்டேன். கற்பனை பிரமாதம்தான். ஆனா நிஜத்துல இப்படி ஒரு பையன் கிடையாதும்மா. ஒருத்தனைக் காட்டுங்க, அந்த மார்க்கையும் தந்துடறேன்!”

அரங்கம் சிரித்தது.

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருக்கும் டைரக்டர், கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘பேசேன்! நீ பேசலைன்னா நான் பேசறேன்’ என்று ஸ்லோமோ மைக்கைப் பார்த்துப் பாய்ந்தான். அதற்குள் வேறொரு கை அதை வாங்கிவிட்டது.

“அந்த ஒரு மார்க்கைப் போட்டுடுங்க சார்,” என்றான் மியூட். “போன வருஷம் எங்க டைரக்டர்கிட்ட இதே வசனத்தைச் சொல்லி பஸ் ஏத்தி விட்டவன் நான்தான்.”